செர்ரித் தோட்டத்து வேட்டு

செர்ரி பழுக்க ஆரம்பித்தால் முதலில் பறவைக்குத்தான் தெரியும். நமக்கு இரண்டு நாள் கழித்துத் தெரியும்போது மேல்கிளையில் வெறும் கொட்டைதான் காம்போடு தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்த ஏரிக்கரை நெடுக எல்லாத் தோட்டத்திலும் வேட்டுக்குழல் இருக்கிறது. போலீஸானாலும் இந்த ஊரில் பிறந்தவன் நீ, தம்பி. உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எழுதிக்கொள், கோர்ட்டில் வாசிக்கிறவன் நகரத்துக்காரனாக இருப்பான்.

சின்ன பீரங்கி மாதிரி ஒரு குழாய். பின்னால் கேஸ் சிலிண்டர். உள்ளே கேஸ் நிரம்பியதும் பொறி பட்டு வெடிக்கும். குண்டெல்லாம் கிடையாது, வெறும் சத்தம். அந்தக் காலத்துக் குழல் ஒரே சீராக வெடிக்கும். ஒரு வாரத்தில் பறவை பழகிப்போய்க் குழல் மேலேயே வந்து உட்காரும். புதுசு அப்படியில்லை. இரண்டு நிமிஷத்தில் ஒன்று வெடிக்கும், அப்புறம் இருபது நிமிஷம் பேசாமல் இருக்கும், அப்புறம் அடுத்தடுத்து மூன்று. எப்போது என்று வைத்தவனுக்கே தெரியாது. இடத்தையும் அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் பறவை புரிந்துகொள்ளும். இதுதான் முறை. நான் முறை தப்பி எதுவும் செய்யவில்லை.

என் மகன் எமெட் பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தான். நாட்டுக்காகச் சேர்ந்தான் என்று சர்ச்சில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் கல்லூரிக்காகச் சேர்ந்தான். போய்விட்டு வந்தால் அரசாங்கம் படிக்க வைக்கும் என்று ஆள் பிடிக்க வந்தவன் சொல்லியிருந்தான். ஆறு வருஷம் இருந்தான். இரண்டு தடவை பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் தடவை வண்டிக்கு அடியில் குண்டு வெடித்ததில் இடது காது போய்விட்டது.

ஒரு காது கேட்காதவனோடு நீ இருந்து பார்த்ததில்லை. சத்தம் அவனுக்குக் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. கூப்பிட்டால் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவான். வந்த புதிதில் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அவனைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். சும்மாதான். எவ்வளவு கேட்கிறது என்று ஒரு அப்பனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

முதல் இரண்டு வருஷம் இங்கிருந்தே பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் படிப்பு, மாலையில் தோட்டம். போன கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, தெற்கே பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றான். பாலம் கட்டுகிற படிப்பாம்.

"எவன் காசு?" என்று கேட்டேன்.

"ராணுவச் சலுகைதாம்பா. ஃபீஸ் நேரா காலேஜுக்கே போயிடும். தங்குற வாடகையும் மாசாமாசம் வந்துடும். உங்க கையிலேர்ந்து ஒண்ணும் வேணாம்."

"சும்மா எவன்டா தருவான்? நாளைக்கு வந்து மறுபடி துப்பாக்கிய எடுன்னுவான்."

"சும்மா தரலப்பா. நான் முன்னாடியே குடுத்துட்டேன்."

"என்னத்தக் குடுத்த?"

அவன் காதைத் தொடவில்லை. கிழங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே போய்ப் படித்து முடித்தால் திரும்பி வருவாயா என்று கேட்டேன். "ஏரிக்கரையில கட்டுறதுக்கு என்னப்பா பாலம் இருக்கு" என்று சிரித்தான். சிரித்திருக்க வேண்டாம்.

எனக்கும் அந்தச் சலுகை இருந்தது. நானும் ஒரு போருக்குப் போனவன்தான், எங்களுக்குக் கைதட்ட ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எட்டாவதோடு நின்றவன் நான். அந்தச் சலுகையில் பள்ளிப் படிப்பையும் முடிக்கலாம், அதற்கு மேலேயும் போகலாம். ஒரு நாள் பஸ் பிடித்துப் போய்ப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தேன். பையன்கள் புல்லில் படுத்துக்கொண்டு படித்தார்கள். ஒருவன் என்னிடம் வந்து வழி கேட்டான், நானும் அங்கே படிக்கிறவன் என்று நினைத்துவிட்டான். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. கடைசி பஸ் வரைக்கும் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்தால், தோட்டத்தை யார் பார்ப்பது என்றார் அப்பா. சரிதான் என்று இருந்துவிட்டேன். பத்து வருஷத்துக்குள் சேராவிட்டால் சலுகை போய்விடும். போய்விட்டது. நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

சொல்ல வந்தது அதில்லை. போர் முடிந்து வந்த முதல் ஜூலையில் அப்பா வேட்டு வைத்தபோது நான் ஏணியிலிருந்து குதித்து மரத்தடியில் குப்புறப் படுத்துவிட்டேன். வாயெல்லாம் மண். பழம் பறிக்கிறவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அது தெளிய எனக்கு ஆறேழு கோடை ஆனது. ஆகவே இந்தச் சத்தம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். முதல் நாள் அப்படித்தான் உன்னிடம் சொன்னேன். அதை அடித்துவிடு.

எமெட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கோடையில் இங்கேயே ஒரு கணக்குப் பாடம் படித்துத் தேற வேண்டும். தேறினால் ஆகஸ்டு கடைசியில் கிளம்பலாம். தேறாவிட்டால் இடம் இல்லை. ஒரு பரீட்சை. ஒன்றில் தவறினவன் வீட்டோடு இருப்பான் என்று நான் நினைத்தேன். அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை.

ஜூலை பிறந்ததும் வேட்டுக்குழலைக் கொட்டகையிலிருந்து எடுத்தேன்.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் ஆர்வில். பக்கத்துத் தோட்டக்காரன். ஐம்பது வருஷமாக ஒரே வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள் நாங்கள்.

"ஏண்டா வெர்ன், எத இழுத்துட்டுப் போற?"

"பாத்தா தெரியல?"

"தெரியுது. மரத்துல என்னடா இருக்கு? இலைக்கா காவல் வைக்கப் போற?"

அவன் கேட்டது நியாயம். இந்த வருஷம் மார்ச்சிலேயே வெயில் கொளுத்தியது. மரம் ஏமாந்து பூத்துவிட்டது. ஏப்ரலில் உறைபனி விழுந்து அத்தனை பூவும் கறுத்தது. என் தோட்டத்தில் மட்டுமில்லை, கரை முழுக்க இதே கதைதான். ஒரு தொப்பி நிறையப் பழம் தேறவில்லை. பறவைகூட வரவில்லை, தம்பி. வந்தாலும் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை.

"விட்டுட்டா அடுத்த வருஷம் கூட்டமா வரும்" என்றேன்.

"கிறுக்குப் புடிச்சிருக்கு உனக்கு. பையன் வீட்ல இருக்கான்டா" என்றான் ஆர்வில்.

"பையன் வீட்லதான் இருக்கணும்" என்றேன். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

முதல் வாரம் தூர வரிசையில் வைத்தேன். எமெட் சமாளித்தான். வெடிக்கும்போது பென்சில் நிற்கும், தோள் ஏறும், அப்புறம் எழுதுவான். இரண்டாம் வாரம் நடுத் தோட்டம். சாப்பிடுகிறபோது ஸ்பூனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வான். அடுத்தது எப்போது என்று காத்திருப்பான். வெடிக்காத இருபது நிமிஷம் இருக்கிறதே, அதுதான் அவனைத் தின்றது.

"அப்பா, பரீட்சை முடியிற வரைக்கும் மட்டும் நிறுத்தி வைங்கப்பா."

"பறவை வருதுடா."

"மரத்துல ஒண்ணுமே இல்லையே."

"தோட்டம் உன்னுதா என்னுதா?"

"ஒங்க காலுல வேணா விழறேம்பா."

"கால் வலிக்குது. தள்ளி நில்லு."

அவனே போய் அதை நிறுத்தியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஒரு தடவை போனான். சிலிண்டரை மூட ஒரு திருகுதான். ஆனால் பாதி வரிசைக்கு மேல் அவனால் நெருங்க முடியவில்லை. நாலு காலில் திரும்பி வந்தான். கூடப் படிக்கிறவன் வீட்டில் போய்த் தங்குகிறேன் என்றான் ஒரு நாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். எனக்கு நெஞ்சில் எதுவும் இல்லை. அவன் பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு எனக்கு சூப் வைத்துக் கொடுத்தான். நல்ல பையன். அவனைப் பற்றித் தப்பாக எதையும் எழுதிவிடாதே.

கடைசி வாரம் புத்தகத்தோடு நிலவறைக்கு இறங்கினான். போன வருஷத்துச் செர்ரி ஜாடிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். அங்கே சத்தம் அவ்வளவாகக் கேட்காது. முகம் கொஞ்சம் தெளிந்தது. கணக்கு வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். நிலவறைக்குத் தரை மட்டத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. குழலை அதன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது ஜாடிகள் உடைந்து தரையெல்லாம் சிவப்பாக இருந்தது. அவன் மூலையில் உட்கார்ந்து யாரோ ஒருவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். என் பெயர் இல்லை. நான் துடைத்து எடுத்தேன். அரை நாள் வேலை.

பரீட்சை அன்று காலையில் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டுதான் வந்தான். ஷேவ் செய்திருந்தான். அவனால் முடியாது என்று நினைத்திருந்தேன். அவன் தேறிவிடுவான் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தோன்றியது. வெளியே போய்க் குழலை வண்டிப் பாதைக்குத் திருப்பி வைத்துத் திருகைத் திறந்துவிட்டு உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அவன் வண்டிக் கதவில் கை வைத்தபோது வெடித்தது. அடுத்தடுத்து மூன்று. பையைப் போட்டுவிட்டு மரவரிசைக்குள் உருண்டான். கிளைக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை ஒன்று கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இலைக்குள் பதுங்கியவன் எனக்கு மகன் மாதிரித் தெரியவில்லை, சிப்பாய் மாதிரித் தெரிந்தான்.

அப்போதுதான் ஆர்வில் வந்தான். சத்தம் பொறுக்காமல் குழலை நிறுத்த வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். என் ஜன்னலைத் தாண்டித்தான் போனான். "போதும்டா வெர்ன், நானே மூடுறேன்" என்று கையை ஆட்டினான். அவன் எந்த வரிசைக்குள் போகிறான் என்று பார்த்தேன். எமெட்டின் இடது பக்கம். நான் கூப்பிட்டிருந்தால் ஆர்வில் நின்றிருப்பான், ஜன்னல் திறந்துதான் இருந்தது. என் வாயில் காபி இருந்தது.

எமெட் கட்டையால் அடித்தது இரண்டே அடி. அதற்கு மேல் தேவைப்படவில்லை. நான் போய் முதலில் திருகை மூடினேன். நிசப்தமானதும் எமெட் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான், ஆர்விலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யாருப்பா சுட்டாங்க?" என்று கேட்டான். ஒருத்தரும் சுடலை என்று சொன்னேன். அது பொய்யில்லை.

என் அப்பா செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று முந்தாநாள் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பா வேட்டு வைத்த வருஷம் மரம் நிறையப் பழம் இருந்தது. நான் பறவைக்கு வைக்கவில்லை. எமெட்டுக்கு வைத்தேன். ஆர்விலைக் கொன்றதும் நான்தான். கட்டை பையன் கையில் இருந்தது, அவ்வளவுதான். எழுதிவிட்டாயா? எழுதியதை வாசித்துக் காட்டு. இங்கே என் கையெழுத்து. இனி அவனை வீட்டுக்கு விடு. குளிர்காலத்தில் கிளை கழிக்க ஆள் வேண்டும்.

நேற்று அவனைப் பார்க்க விட்டீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "பரீட்சைய திரும்ப வைப்பாங்களாப்பா?"

சலுகைக்கு உனக்கு இன்னும் கெடு இருக்குடா என்று சொன்னேன். அவர்களுக்கெல்லாம் இப்போது பதினைந்து வருஷம். எனக்குப் பத்துதான். கெடு முடிகிறவரைக்கும் கொஞ்சம் அரிக்கும், முடிந்ததும் ஆசை தானாக அடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் அடங்கியது. என் கெடு முடிந்த நாளை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்தது கிடையாது, தம்பி. செவ்வாய்க்கிழமை அது. காலையில் லேசான தூறல், மூன்றாம் வரிசையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன்.