மூன்று தண்ணீர் கழுவிய பார்லி

லண்டனில், தோர்ண்டன் ஹீத் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். இளையவரின் மடியில் ஒரு பார்லிப் பை.

"மச்சானின்ரை பார்ட்டிக்கு வீட்டிலை காய்ச்சின பியர் தாறன் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. முளைக்கவைச்சுக் காயவைச்ச பார்லியைச் சுடுதண்ணியிலை ஊறப்போட்டா, வரவேண்டியதிலை பாதிச் சீனிதான் இறங்குது. சூடு சரி, நேரம் சரி. ஒண்டும் விளங்கேல்லை."

"வடிவா உடைச்சதோ?"

"கடையிலையே உடைச்சுத் தாறாங்கள். நான் அரிசி மாதிரி மூண்டு தண்ணி கழுவித்தான் ஊறப்போடுறன்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"கழுவின தண்ணி என்ன நிறம்?"

"பால் மாதிரி."

"சீனியாகிற மாவே அதுதான் தம்பி. சிங்குக்குள்ளை ஊத்திப்போட்டாய். இனிக் கழுவாதை."

இளையவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவாத சாமானை ஆக்களுக்கு எப்பிடி அண்ணை குடுக்கிறது?"