பலகையில் வைத்த கத்தி

அறுபதுகளில் ஒரு மாலை. தாதரில் லோக்கல் ரயிலேறிய இரண்டு பெரியவர்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் புதிதாக வாங்கிய மடக்குக் கத்தியை நீட்டினார். மற்றவர் கையை இழுத்துக்கொண்டார்.

"கையில தராதேயும்வே. சீட்டுப் பலகையில வையும்."

வைத்ததும் எடுத்துத் திறந்தார்.

"டக்குன்னு நிக்கி. அலகு ஆடல. ஏக்தம் பக்கா! முந்தி கொம்புப் பிடி போட்டது ஒண்ணு வச்சிருந்தீரே?"

"மில்லுல தெனம் அதுலதான கொய்யாப்பழம் நறுக்குவோம். நீரு கேப்பீரு, நான் கையில குடுப்பேன்."

"அப்படிக் கையில வாங்கித்தாம்வே சண்ட வந்துச்சு. எத்தன வருசம் பேசாம இருந்தோம்!"

கத்தியை மடக்கிப் பலகையில் வைத்தார். மாட்டுங்கா வந்ததும் கொண்டுவந்தவர் மட்டும் இறங்கினார்.

"வே, கத்திய விட்டுட்டுப் போறீரே!"

"ஒமக்குன்னு வாங்குனதுதாம்வே. கையில குடுத்தா மறுபடி பேசாமப் போயிருவீருல்லா."