அப்வோலி என்று கூப்பிட ஒருத்தி

வெளியே பெஞ்சை விட்டு வெயில் போயிருக்கும், அங்கே உட்கார்ந்திருக்கும் கொபுசிங்கே ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் முதல் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. உரிமக் கவுன்சிலிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், மன்னியுங்கள், பியாருஹங்கா ஐயா. தேநீர் நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இஞ்சி தட்டிப் போடாமல் யாரும் தேநீர் கொடுப்பதில்லை.

நான் கிழக்கே சொரோட்டி ஊர்க்காரி. செயல்முறை மருத்துவம் படித்தவள். மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இந்த மருத்துவமனைக்கு வந்தேன். பக்கவாதம் வந்தவர்களைத் தாமே சட்டை போட, சமைக்க, சாப்பிட மறுபடி பழக்குவது எங்கள் வேலை. நோயாளிக்கு நீங்கள் தேவைப்படாமல் போவதுதான் உங்கள் வெற்றி. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைத்தான் பலகையில் எழுதுவேன்.

இந்தப் பக்கத்து உங்கள் ஆட்களுக்குப் பெயர் போக எம்பாக்கோ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. எதிரே வருகிறவரின் எம்பாக்கோவைச் சொல்லித்தான் நலம் விசாரிப்பீர்கள். எனக்கு அது கிடையாது. நடைவழியில் எல்லோரும் அதைச் சொல்லித் தோளைத் தொட்டுக்கொள்ளும்போது நான் மேடம் அமோங்கின். யாரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

கொபுசிங்கேவைத் தேயிலை லாரியில் கொண்டுவந்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டாள். வலது கை மடங்கிப்போயிருந்தது. பேச்சு குழறியது, ஆனாலும் முதல் நாளே கேட்டாள்.

"உங்க எம்பாக்கோ என்ன?"

"எனக்குக் கிடையாது."

"அது இல்லாம உங்கள எப்படிக் கூப்பிடறது, 'ஏய்'னா? பூனை மாதிரி சத்தமில்லாம வந்து நிக்கிறீங்க. அப்வோலின்னா பூனைதான். இன்னையிலேருந்து நீங்க அப்வோலி."

பறிக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் அறை கிடையாது. என் குவார்ட்டர்ஸின் பின்னறையைக் கொடுத்தேன். இதில் தவறு எதுவும் இல்லையே.

அவளுக்கு நான் செய்த கைத்தாங்கி நல்ல தாங்கிதான். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, விரல்கள் விரிந்து நிற்கிற மாதிரி கைமேல் வைத்து வார்ப்போம். கட்டிக்கொண்டு தூங்கினால் தசைநார் சுருங்காது. மெல்ல மெல்லக் கை திரும்பியது. சாயங்காலத்தில் நான் கேழ்வரகுக் களி கிண்டுவேன், அவள் ஊறவைத்த பீன்ஸைத் தோல் பிதுக்குவாள். இடது கையால்தான். ஒரு நாள் திடீரென்று கத்தினாள்.

"அப்வோலி, ஓடி வாங்க! இந்தச் சோம்பேறிக் கழுத வேல செய்யுது!"

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து ஒரு கொட்டையைப் பிதுக்கியிருந்தன. கொழுந்து கிள்ளுவதும் அதே அசைவுதான். நான் கைதட்டினேன்.

"மழை முடிஞ்சதும் தோட்டத்துக்குப் போயிடுவேன். தங்கச்சி அவ லைன்வீட்டுல இடம் வெச்சிருக்கா. நீங்களும் நிம்மதியா இருக்கலாம்," என்றாள்.

நிம்மதியாக. அன்று களி அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் தாங்கிக்குப் பட்டி மாற்ற எடுத்துப்போனேன். வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து மறந்துவிட்டேன். அந்தத் தகடு வெயிலில் நெகிழும் என்று முதல் வருட மாணவர்களுக்கே தெரியும். எடுத்துப் பார்த்தபோது உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. சரிசெய்ய ஒரு கெட்டில் வெந்நீர் போதும். நான் அப்படியே கட்டிவிட்டேன். முதல் தடவை வெயில்தான் வளைத்தது. பிறகு நான் வளைத்தேன், கொஞ்சம் கொஞ்சமாக. அவள் முகம் சுளித்தால் நிறுத்திவிடுவேன். அவளுக்கு நான் வலி கொடுத்ததே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கை மடங்கிக்கொண்டே வந்தது. பாடப் படத்தில் இருப்பதுபோல அப்படி ஒரு கை. செய்முறைத் தேர்வுக்கு வருடாவருடம் அவளைத்தான் உட்காரவைத்தேன். தொழில்மேம்பாட்டுப் பயிற்சிக்கு மற்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் அந்தக் கையைத் தொட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். அவளுக்கு அதில் பெருமை.

"நல்லாப் படிங்க பிள்ளைங்களா. ஃபெயிலாயிட்டு என் கைமேல பழி போடாதீங்க," என்பாள். அறையே சிரிக்கும்.

அப்படிப் படித்துப் போனவர்கள் நாடு முழுக்கக் கைகளை விரியவைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கை மூடியிருப்பது பெரிய விலையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நமுத்தெபியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மாணவி. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"மேடம், இந்தத் தாங்கி உள்பக்கமா வளைஞ்சிருக்கு," என்றாள், எல்லோர் முன்னாலும்.

"அந்தக் கைக்கு அதுதான் சரி."

"புத்தகத்துல வேற மாதிரி இருக்கே மேடம்."

"புத்தகம் இந்தக் கையத் தொட்டுப் பார்த்ததில்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த வருடம் அவளைத் தேர்ச்சி பெறவிடவில்லை. பிறகு அவளே நேராக ஒரு தாங்கி செய்து கொபுசிங்கேவிடம் கொடுத்திருக்கிறாள். கொபுசிங்கே அதை என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"அந்தப் பொண்ணு குடுத்துச்சு அப்வோலி. கட்டிக்கலாமா?"

நன்றாகச் செய்திருந்தாள். நானே செய்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்காது. வெந்நீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி வெறும் தகடானது. அதை எடுத்து என் வளைவுக்கு வார்த்தேன். கொபுசிங்கே பக்கத்தில் நின்று, என் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாடையின் கனம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அந்தக் கையை மூடியது நோய் இல்லை, நான். நமுத்தெபி உங்கள் கவுன்சிலுக்கு எழுதியது அத்தனையும் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். உரிமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் வேறொன்று கேட்கிறீர்கள். கம்பாலாவில் அறுவைச் சிகிச்சை செய்தால் இரண்டு விரலாவது விரியும், தாமதித்தால் அதுவும் இல்லை. ஆனால் கொபுசிங்கே போக மறுக்கிறாள். நமுத்தெபி உண்மையைச் சொன்னதற்கு அவளை அடிக்கப் போனாளாம். அப்வோலி வாயால் கேட்டால்தான் நம்புவேன், அப்வோலி போகச் சொன்னால்தான் போவேன் என்கிறாளாம். அதனால்தான் அவளை அழைத்துவந்து வெளியே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

நியாயமான கோரிக்கைதான். நன்றாக யோசித்தேன். இதைக் கேட்டால் அவள் உடைந்துபோவாள். இந்த வயதில் அவளுக்கு அந்த வேதனை எதற்கு. அவள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்.

நான் சொல்ல மாட்டேன், ஐயா. நீங்கள் இந்தத் தாளில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். காற்று எழுந்துவிட்டது. ஒற்றைக் கையால் அவளுக்குப் பொத்தான் போட வராது. நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.