நாற்பது காலேஜ், ஒரு லிங்க்

– அக்கா, அந்தத் தோல ஒரு நிமிஷம் கீழ வையேன். நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?

– விழுது, விழுது. பசை காயறதுக்குள்ள இந்த ஷூவோட அடி சோல ஒட்டணும், நீ பாட்டுக்கு சொல்லு. நம்ம கடைக்கு ஆள் வராததுக்குக் காரணம் தெரியும்னியே, என்ன?

– நாந்தான் காரணம்.

– நீயா? ஷூ தைக்கறது நானு. ஆறு மாசமா ஆள் வரலன்னா என் கை போயிடுச்சுன்னு அர்த்தம்.

– உன் கைக்கு ஒண்ணும் ஆகலக்கா. அதாவது, எட்டு மாசத்துக்கு முன்னால ஒருத்தன் சொன்னான். காலேஜ் வெப்சைட்ல இருந்து நம்ம கடையோட வெப்சைட்டுக்கு ஒரு லிங்க் வந்தா அது சாதா லிங்க் நூறுக்கு சமம், தேடறப்ப நம்ம பேரு மேல வரும்னு. உடனே நான் நாற்பது காலேஜ்ல புகுந்தேன்.

– எத்தனை? நாற்பதா?

– மாணவங்க பேசிக்கற பக்கம் இருக்கும்ல, அதுல பொய்ப் பேர்ல எழுதினேன். 'எனக்கு ஒரு கால் குட்டை, இந்த அக்கா உசரம் ஏத்தித் தச்ச ஷூவப் போட்டப்புறம்தான் நிமிர்ந்து நடக்கறேன்'னு. கீழ நம்ம லிங்க்.

– நாற்பது குட்டைக் கால்! அடப்பாவி.

– சிரிக்காதக்கா. ரெண்டே மாசம். தேடறப்ப முதல் பக்கத்துல இருந்த நாம ஏழாவது பக்கத்துக்குப் போயிட்டோம். ஏமாத்து வேலைன்னு தேடல் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சுட்டாங்க. ஏழாவது பக்கம் வரைக்கும் எவன் தேடுவான்?

– அப்போ... நான் தச்சது பிடிக்காம யாரும் போகல?

– சத்தியமா இல்ல.

– உசரம் தப்பாப் போச்சு, யாரோ தடுக்கி விழுந்திருப்பாங்க, நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்டா. பழைய அளவுச் சீட்டெல்லாம் வெளிய எடுத்துப் போட்டு, ஒவ்வொரு மில்லிமீட்டரா மறுபடி பார்த்தேன்.

– தெரியும். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. தையல் மெஷின விக்க ஆள் வரச் சொல்லிட்டேன்னு காலையில நீ சொன்னதும்தான், இனிமே மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்.

– இரு. அந்தத் தண்ணிய எடு. ... அப்பாடா.

– திட்ட மாட்டியா?

– திட்டறேன், திட்டறேன், அதுக்கு நாள் கெடக்கு. என் அளவு சரியா இருந்திருக்கு, அத மொதல்ல அனுபவிச்சுக்கறேன். ஆமா, இந்த வாரம் மட்டும் எப்படி ஆறு பேர் வந்தாங்க? மறுபடி எதுலயாவது புகுந்தியா?

– அதாவதுக்கா, நாற்பது காலேஜுக்கும் போயி, என் பொய்ய எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன். எடுத்துட்டாங்க. இப்ப மூணாவது பக்கத்துக்கு ஏறியிருக்கோம். ஆனா இந்த ஆறு பேரு தேடல்ல பார்த்து வரல.

– பின்ன?

– பிசியோதெரபி காலேஜ் ஒண்ணு. அங்க ஒரு டீச்சர் தன்னோட பாடத்துல, 'ரெண்டு காலோட நீளத்த வீட்லயே எப்படி அளக்கறதுன்னு இவங்க எழுதினதப் படிங்க'ன்னு நீ எழுதின பக்கத்தோட லிங்க்கப் போட்டிருக்காங்க.

– போட்டுட்டாங்களா!

– படிச்ச பசங்க, ஆஸ்பத்திரியில தங்ககிட்ட வர்றவங்கள இங்க அனுப்பறாங்க.

– அதான் அந்த ஆறு பேர்ல இருந்த பஸ் டிரைவர் அளவ அவ்வளவு சுத்தமா எழுதிட்டு வந்தாரு. அப்போ காலேஜ் லிங்க் வேலை செய்யுதே, உன் ஆள் சொன்னது நெசந்தானே?

– அதான் இல்ல. அந்தக் காலேஜ், வெளிய போற எல்லா லிங்க்லயும் 'தேடல்ல இதக் கணக்குல எடுக்காதே'ன்னு ஒரு குறிப்பு வச்சிருக்கு. நம்மள மேல தூக்க அதால துளி பிரயோஜனம் இல்ல. காலேஜுங்கறதுக்காகத் தனி மவுசும் கெடையாதாம். மனுஷங்க படிச்சாங்க, வந்தாங்க. அவ்வளவுதான்.

– ஒத்த விரல்ல தட்டித் தட்டி எழுதின பக்கம்டா அது.

– அதேதான்.

– சரி, மெஷின் வாங்க வர்ற ஆளுக்கு போனப் போடு. வர வேணாம்னு சொல்லு.

– போடறேன். ஒண்ணு மட்டும் புரியலக்கா. அந்தக் காலேஜ்லயும் நான் பொய் எழுதியிருந்தேன். எடுக்கச் சொல்லலாம்னு போனா, எப்பவோ எடுத்திருக்காங்க. அந்த டீச்சர் மட்டும் அதப் பார்த்திருந்தா நம்ம பேரையே தொட்டிருக்க மாட்டாங்க, இல்ல?

– பார்த்தாங்கடா. 'இப்படி ஒரு மாணவன் எங்ககிட்ட இல்லையே'ன்னு எனக்குத்தான் எழுதிக் கேட்டாங்க; 'அது என் தம்பி, என் மேல இருக்கற பாசத்துல பண்ணிட்டான், மன்னிச்சு எடுத்துடுங்க, நான் நெசமாவே எழுதினது இதுதான்'னு அந்த அளவுப் பக்கத்த அவங்களுக்கு அனுப்பி ஏழு மாசமாச்சு.