இங்கிலாந்தில் எந்தக் கடை நல்ல கடை

துபாயில், பர் துபாய் கரையிலிருந்து எதிர்க்கரையான தேராவுக்குப் போகும் படகில் முதுகோடு முதுகாகத்தான் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள்: “இங்கிலாந்துல சாப்பிடணும்னா அந்தப் பொரிச்ச மீன் கடைதான்க்கா.” ஏதோ அடுத்த தெருவைச் சொல்வது போல. இலங்கை மலையகப் பேச்சு. அவளும் பக்கத்திலிருந்த அக்காவும் வீட்டு வேலைக்கு வந்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“நீ எப்ப போன?”

“இங்கத்த வெயிலுக்குத் தப்பி மேடம் குடும்பத்தோட போனப்ப என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. கடலோரத்து ஊரு. பெரிய ஹோட்டலும் இருக்கு, வெள்ளை விரிப்பெல்லாம் போட்டு. அங்க நான் மேடத்தோட புள்ளைய வச்சிக்கிட்டு ஓரத்து மேசையில இருந்தேன்.”

“சாப்பாடு?”

“அவங்க முடிச்சப்புறம் தந்தாங்க. நல்லாத்தான் இருந்திச்சு.”

“மீன் கடையில?”

“அங்க மேசையே இல்லக்கா. வரிசையில நின்னு வாங்கி, கடலைப் பார்த்த மதில்ல குந்திக்கிட்டுத் தாள்லயே திங்கணும். மேடமும் என் பக்கத்துலதான் குந்துனாங்க. மீனு மொறுமொறுன்னு, முழங்கை நீளம்.”

“அதுக்கா இவ்வளவு புகழுற?”

“அதுக்கில்லக்கா. கடைக்காரம்மா என்னைப் பார்த்து என்ன வேணும்னு கேட்டாங்க. நான் பழக்கத்துல, பேபிக்கு சிப்ஸ்னேன். சரி, உங்களுக்கு என்னன்னு திரும்பக் கேட்டாங்க.”

படகு கரையில் முட்டி நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். என் பின்னால் அந்த இருவர் மட்டும் எழவில்லை.

“நீ என்ன சொன்ன?”

“எனக்கு என்ன வேணும்னு அப்பத்தான் யோசிச்சேன்க்கா. எனக்குப் பின்னால அவ்வளவு நீள வரிசை. அந்தம்மா அப்பிடியே காத்துக்கிட்டு நின்னாங்க.”