போதுமா சார்

இரவு பதினொன்றேகால். வடக்குத்திலிருந்து காடாம்புலியூர் போகிற வழியில், முந்திரித் தோப்புக்குள் பிரிகிற மண் சாலை. ஆள் இல்லை... நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் தனியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தவர் அறிவுச்செல்வன். நம் ஆபீஸ் விஜயலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன். அவள் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நெட்வொர்க் லைன் மாற்றுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள்.

அவருக்கும் நம் வேலைதான், நெட்வொர்க். சுரங்கத்துக்கு வண்டியும் மெஷினும் வாடகைக்கு விடுகிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. வடக்குத்தில் தலைமை ஆபீஸ், டவுன்ஷிப்பில் ஒரு ஆபீஸ், மைன்ஸ் பக்கம் ஒர்க்‌ஷாப், காடாம்புலியூர் தோப்புக்குள் ஒரு குடோன். நாலையும் ஒரே நெட்வொர்க்கில் கொண்டுவர வேண்டும். மூன்று இடத்துக்குக் கேபிள் போய்விட்டது. தோப்புக்குள் போகவில்லை. அதனால் கேபிள் இல்லாமல் சிக்னல் அனுப்புகிற இரண்டு டிஷ். ஒன்று வடக்குத்து மாடியில், இன்னொன்று குடோனில் நாற்பதடிக் கம்பத்தின் உச்சியில். இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒருவர் மேலே ஏறி இம்மி இம்மியாகத் திருப்புவார். இன்னொருவர் லேப்டாப்பில் சிக்னல் நம்பரைப் பார்த்து போனில் சொல்வார். நம்பர் குறையக் குறைய நல்லது. சரியாக வந்ததும் 'போதும்' என்பார். அதைக் கேட்கும்வரை மேலே இருப்பவர் டிஷ்ஷிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

டிஷ்ஷைத் திருப்ப வேண்டிய அன்று சாயங்காலம் மழை. கம்பம் ஏறுகிற ஆள் வரவில்லை. மறுநாள் காலை முதலாளி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அறிவுச்செல்வன் வடக்குத்து ஆபீஸில் உட்கார்ந்தபடி குடோன் வாட்ச்மேன் நல்லசாமிக்குப் போன் போட்டார். அஞ்சு நிமிஷ வேலைதான், ஏறிடுங்க என்றார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் நல்லசாமி.

ஏறினார். திருப்பினார். எண்பது... எழுபது... அறுபத்தொன்று. அருமையான சிக்னல். அந்த நேரம் பார்த்து ஒர்க்‌ஷாப் லைன் அறுந்தது. இவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு பெரிய இடி. திரும்பப் போனை எடுத்தபோது எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை.

போதும் என்று அவர் சொல்லவே இல்லை.

விடிந்தபோது நல்லசாமி கம்பத்தடியில் கிடந்தார். எதையோ பிடித்திருந்த மாதிரியே விரல்கள் மடங்கியிருந்தன. சட்டைப் பையில் போன் கருகிக் கிடந்தது. குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். அறிவுச்செல்வன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த ஆள்மேல் இன்றுவரை கோபம்தான்.

நல்லசாமியின் மனைவி மாணிக்கம்மாள் மூன்று முறை அந்த ஆபீஸுக்கு நடந்தார்.

"முந்திரி மரத்துலகூட ஏறாத மனுசங்க அவரு. குடிக்கவும் மாட்டாரு. யாரு ஏறச் சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்க."



கம்பத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். டிஷ்ஷும் போயிற்று. காரியம் முடிந்த மறுநாள் இரவு... இவர் லேப்டாப்பில் குடோன் சிக்னல் வந்தது. எண்பது. எழுபத்திரண்டு. அறுபத்தொன்று. கொஞ்சம் விலகும்... மறுபடி அறுபத்தொன்றுக்கே வரும். யாரோ கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வடக்குத்து மாடி டிஷ்ஷையும் அணைத்துப் பார்த்தார். நம்பர் போகவில்லை. ஐந்து இரவு இப்படி. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஆறாம் இரவுதான் பைக்கை எடுத்தார்.

குடோன் பூட்டியிருந்தது. கம்பம் நின்ற இடத்தில் நான்கு போல்ட் மட்டும். மழை இல்லை. ஆனாலும் ஈரத் துரு வாடை... கூடவே முடி பொசுங்குகிற வாடை. டார்ச்சை மேலே அடித்தார். வெறும் ஆகாயம். அந்த வெறும் ஆகாயத்தில், நாற்பதடி உயரத்தில்...

"போதுமா சார்?"

மறுபடியும் அதே குரல், பணிவாக.

"கை நடுங்குதுங்க சார். எம்மா நேரமா புடிச்சிகினு இருக்கேன்... போதுங்களா?"

"போதும்... எறங்குங்க."

டங். இரும்புப் படியில் கால் வைக்கும் சத்தம். டங்... டங்... இல்லாத கம்பத்தில் ஒவ்வொரு படியாக. கடைசிப் படி இவர் காதோரம் கேட்டது. அப்புறம் சருகு நொறுங்க, வெறுங்கால் தோப்பு வழியாக ஊர்ப் பக்கம் நடந்துபோனது.

விடிகிறவரை இவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தார். பிறகு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு மாணிக்கம்மாள் வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். ஏறச் சொன்னது யார் என்று தனக்கும் தெரியாது என்றார்.

மாணிக்கம்மாள் அழவில்லை. சுவரோரம் ஒரு பாய் விரித்திருந்தது. அதில் யாரும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏங்க... இவருதானா?"

பாய்ப் பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அறிவுச்செல்வனைப் பார்த்தார்.

"ஆமாங்கறாரு."