கதவாகிப் போன பலகை

“ஹலோ... ஹலோ, ஸ்கந்தகுமார் அண்ணையோ?... நான் பிரியவதனி, கரண்ட் ஒபிசிலையிருந்து... ஓம், ஓம், கடிதம் கடிதமாய் எழுதிறவள்தான்... என்ன, கரண்டைச் சுத்தமாக்கிற பில்டர் வந்திட்டுதோ? ஆறு மாதத்துக்குப் பிறகு!... வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வாறியளோ... பெரிய மனசு அண்ணை உங்களுக்கு.”

தலைக்கு மேலே குழல்விளக்கு இமைத்துக்கொண்டிருந்தது. வெளியே மின்மாற்றி உறுமியது. நயினாதீவில் ஸ்கந்தகுமாரின் ஐஸ் தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து இரண்டும் ஓயவில்லை.

“இல்லை, கண் திருஷ்டி இல்லை... உங்கடை மோட்டரின்ரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி, கரண்டைக் கடிச்சுக் குதறி லைனுக்குள்ளை திருப்பித் துப்புது. ஊர் ஃபானெல்லாம் முனகுது... ஓம், ஐயரை வைச்சுத் தேங்காய் உடைச்சனீங்கள், தெரியும். கேட்டுதோ?... சரி, நான் அதுக்கு எடுக்கேல்லை. யன்னலாலை பாக்கிறன், வள்ளத்தை ஏன் அங்கை நிப்பாட்டினனீங்கள்?”

அவள் கதிரையை விட்டு எழுந்தாள்.

“கரையிலை எச்சரிக்கைப் பலகை ஒண்டும் இல்லையோ?... எப்பிடி இருக்கும்? அதைப் புடுங்கி மோட்டர் அறைக்குக் கதவு போட்டது ஆர்?... போன மாதம் பாத்தனான் அண்ணை. ‘கடலடி மின்கம்பி, நங்கூரம் போடாதீர்’ எண்டு கதவிலை கிடக்கு. நல்லது, உங்கடை அறைக்குள்ளை இதுவரைக்கும் ஒருத்தரும் நங்கூரம் போடேல்லை... சிரிக்காதேங்கோ... என்ன? போட்டிட்டியளோ?... அடியிலை எதிலையோ கொழுவிக்கொண்டுதோ?”

அவள் குரல் இறங்கியது.

“அண்ணை, அது கல் இல்லை. தீவுக்குக் கரண்ட் வாற ஒரே வயர்... இழுக்காதேங்கோ. கயித்தை அறுத்து விடுங்கோ... புது நங்கூரமோ? நாளைக்குச் சுழியோடி எடுத்துத் தருவாங்கள்... அண்ணை, ஆஸ்பத்திரியிலை மேரிசுகந்தி மிஸ் பிள்ளையளின்ரை ஊசிமருந்தைப் பிரிட்ஜிலை வைச்சிருக்கிறா, உங்கடை ஐஸ் அறையிலை மீன் கிடக்கு... நான் பொம்பிளைப் பிள்ளையெண்டால் எனக்குக் கடல் தெரியாதோ? சரி, ஓட்டிக்கு போனைக் குடுங்கோ... குலசிங்கமோ? கத்தி கிடக்கோ?... கையிலையோ? அப்ப வெட்டுமன்... முதலாளி சொல்லோணுமோ? கத்தி உம்மடை, கை உம்மடை, மூளை மட்டும் முதலாளியின்ரையோ?... குலசிங்கம்! அங்கை ஆர் கயிறு இழுக்கிற கப்பியைச் சுத்திறது?... நிப்பாட்டச் சொல்லும்! நிப்பாட்டச் சொ—”

குழல்விளக்கு இமைப்பதை நிறுத்தியது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. ஆறு மாதமாக ஓயாத உறுமல் அடங்கியதும், கரையில் அலை அடிப்பது அவளுக்குக் கேட்டது.

“ஓம், ஸ்கந்தகுமார் அண்ணை... ஓம், ஓம், கேக்குது... நங்கூரம் கிளம்பி மேலை வந்திட்டுதோ? ஒரு கீறலும் இல்லையோ? நல்ல நங்கூரம்... ஓம், எனக்கும் தெரிஞ்சது... இல்லை, கத்தேல்லை, இனி என்னத்துக்கு... பில்டரோ? கொண்டுபோய் அந்தக் கதவுக்குப் பின்னாலை வையுங்கோ. இப்ப லைன் நல்ல சுத்தமாய்க் கிடக்கு... நீங்கள் முதல்லை மீனைப் பாருங்கோ. வைக்கிறன்.”